வீட்டில் ஒருவருக்கு மட்டும் நம்பிக்கை இருக்கும்போது

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் ஆழமான இறைநம்பிக்கை. கணவர் எதிலும் பட்டுக்கொள்ளமாட்டார். கல்லூரியில் படிக்கும் இளைய மகன், "எனக்கு இதெல்லாம் வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டான். மூத்தவன் கட்டிய பெண் வேறு மதம், நல்ல பெண். யாரையும் வற்புறுத்தாதே, நீ வாழ்ந்து காட்டு, அது போதும் என்கிறார்கள் எல்லோரும். வாழ்ந்துதான் பார்க்கிறேன். யாரும் திரும்பிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. இப்படியே வாயை மூடிக்கொண்டிருந்தால் என் நம்பிக்கையை நானே மறைப்பதாக ஆகாதா?

பதில்:

அம்மா, நீங்கள் எந்த மதம் என்று எழுதவில்லை. அது தெரியவேண்டிய அவசியமும் எனக்கு இல்லை. கோயிலுக்குப் போகிற வீடு, தேவாலயத்துக்குப் போகிற வீடு, பள்ளிவாசலுக்குப் போகிற வீடு, எல்லாவற்றிலும் இந்தத் தவிப்பை நான் பார்த்திருக்கிறேன். தனக்கு உயிராக இருக்கும் ஒன்று தான் பெற்ற பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை என்று ஆவது தாங்க முடியாத வலிதான். அதை லேசாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஆள் நான் இல்லை.

"யாரும் திரும்பிப் பார்ப்பதாகத் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, நான் அங்கிருந்துதான் தொடங்க விரும்புகிறேன். நீங்கள் விளக்கேற்றிக் கும்பிட்டு எழும்போதோ, ஜெபம் முடித்துக் கண் திறக்கும்போதோ, மகன் முகத்தில் ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பீர்களானால், அது அவனுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு இது எப்படியோ தெரிந்துவிடும். அம்மா தனக்காகக் கும்பிடுகிறாளா, தன்னைத் திருத்துவதற்காகக் கும்பிடுகிறாளா என்பதை அவர்கள் நொடியில் பிரித்தறிவார்கள். இரண்டாவது வகையாக இருந்தால், ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நீங்கள் வற்புறுத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் தெளிவு கொடுத்தது ஒரு பிரெஞ்சுக்காரரின் வாழ்க்கை. பெயர் சார்ல்ஸ் தெ ஃபூக்கோ. நம் குமரி மண்ணின் தேவசகாயம் பிள்ளைக்கு 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதர் பட்டம் கொடுத்தபோது, அதே நிகழ்வில் பட்டம் பெற்றவர்களில் இவரும் ஒருவர். நம் ஊரில் அன்று தேவசகாயம் பிள்ளையைப் பற்றியே பேச்சாக இருந்தது, அது இயல்புதான். ஆனால் உங்கள் கேள்விக்கு ஃபூக்கோவின் கதைதான் பொருந்தும். அவர் பிறருக்கு நம்பிக்கை கொடுக்கப் போனது இரண்டாம் பாதி. முதல் பாதியில் அவர் உங்கள் இளைய மகனின் இடத்தில் இருந்தவர்.

1858-இல் ஸ்ட்ராஸ்பூர்கில் பிறந்தார். ஆறு வயதுக்குள் தாய் தந்தை இருவரும் போய்விட்டார்கள். தாத்தா வளர்த்தார். பள்ளிப் பருவத்திலேயே கடவுள் நம்பிக்கை கழன்றுவிட்டது. ராணுவ அதிகாரியானார். தாத்தா விட்டுப்போன சொத்தை விருந்தும் கேளிக்கையுமாகக் கரைத்தார். 1882-இல் உறவினர்கள் சட்டப்படி அவருடைய பணத்துக்கு ஒரு மேற்பார்வையாளரை வைக்கும் அளவுக்குப் போயிற்று. அதே வருடம் ராணுவத்தையும் விட்டவர், 1883-இல் மொராக்கோவுக்குள் யூத மதகுரு வேடத்தில் புகுந்து ஏறத்தாழ ஒரு வருடம் சுற்றி, அந்த நாட்டின் நிலப்பரப்பை அளந்து குறித்துக்கொண்டு வந்தார். அன்று ஒரு ஐரோப்பியக் கிறிஸ்தவர் வெளிப்படையாக நடமாட முடியாத நிலம் அது.

அங்கே இஸ்லாமியர்கள் தொழுவதைப் பார்த்தார். அவரை யாரும் மதம் மாறச் சொல்லவில்லை. பெரும்பாலானோருக்கு அவர் யார் என்றே தெரியாது. ஆனால் கடவுளின் முன்னிலையில் இடைவிடாமல் வாழ்கிற அந்த மனிதர்களைப் பார்த்தது தன்னை அடியோடு உலுக்கியது என்று பின்னாளில் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். ஒரு கத்தோலிக்கரின் நம்பிக்கை திரும்புவதற்கு முதல் காரணம் மொராக்கோவின் முஸ்லிம்கள். அவர்கள் தங்கள் தொழுகையைத் தொழுதார்கள், அவ்வளவுதான்.

பாரிசுக்குத் திரும்பியதும் உறவினர் வீட்டில் இடம் கிடைத்தது. அங்கே மரி தெ போந்தி இருந்தார். ஃபூக்கோவுக்கு எட்டு வயது மூத்தவர், நம் முறைப்படி சொன்னால் அக்கா. ஆழ்ந்த பக்தி உடையவர். இவனோ குடும்பத்தின் மானத்தை வாங்கியவன், கடவுள் இல்லை என்பவன். அந்த வீட்டில் யாரும் அவனை உட்கார வைத்து உபதேசம் செய்யவில்லை. பழையதைக் கிளறவில்லை. அன்பாக வைத்துக்கொண்டார்கள். 1897-இல், நாசரேத்தில் தனிமையில் தியானம் செய்தபோது எழுதிய குறிப்பில் ஃபூக்கோ இதை நினைத்துப் பார்க்கிறார். கடவுள் தன்னை அந்த அக்காவின் மௌனத்தாலும் மென்மையாலும் நற்குணத்தாலும் இழுத்தார் என்கிறார். அந்த அக்கா தம்மைப் பார்க்க விட்டார், நல்லவராக இருந்தார், ஆனால் தன்மேல் எதையும் செய்ய முயலவில்லை என்றும் எழுதுகிறார். அப்போது அவருக்குள் ஓடிய எண்ணம் இது: இவ்வளவு அறிவுள்ள ஒருவர் இத்தனை உறுதியாக நம்பும் மதம், நான் நினைப்பதுபோல் வெறும் மடமையாக இருக்க முடியாது.

இந்த வாக்கியத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். மரியின் வாழ்க்கை அவருக்கு எதையும் நிரூபித்துக் காட்டவில்லை. 'நம்பிக்கை உள்ளவர்கள் முட்டாள்கள்' என்று அவர் மனதில் இருந்த ஒரு தீர்ப்பை மட்டும் நிற்கவிடாமல் செய்தது. ஒரு மனிதரின் வாழ்க்கை இன்னொருவரிடம் செய்யக்கூடியது இவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மிச்சம் அவருக்கும் கடவுளுக்கும் இடையே நடக்கிறது. உங்கள் மகன் இன்று உங்களோடு வந்து உட்காராமல் இருக்கலாம். ஆனால் நாளை கல்லூரியில் யாராவது, சாமி கும்பிடுகிறவர்கள் எல்லாம் வேஷதாரிகள் என்று சொன்னால், "எங்க அம்மா அப்படி இல்லை" என்று அவன் மனம் சொல்லுமா? அது சொன்னாலே நீங்கள் செய்யவேண்டியது நடந்திருக்கிறது.

இங்கே இன்னொன்றும் உண்டு, நம்பிக்கையை மறைப்பதாக ஆகாதா என்ற உங்கள் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது. 1886 அக்டோபர் இறுதியில் ஒரு காலை, ஃபூக்கோ தாமாகவே பாரிசின் புனித அகுஸ்தீன் ஆலயத்துக்குப் போனார். அங்கே உவ்லேன் என்ற குருவானவர் இருந்தார், மரிக்கும் ஆன்ம வழிகாட்டி அவர்தான். எனக்கு நம்பிக்கை இல்லை, உங்கள் மதத்தைப் பற்றிச் சொல்லித்தாருங்கள் என்று கேட்டார் ஃபூக்கோ. உவ்லேன் பாடம் நடத்தவில்லை. மண்டியிட்டு, தன் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் செய்யும்படி சொன்னார். அவ்வளவு நேரடியாக! அக்கா வீட்டில் பேச்சே இல்லை, ஆலயத்தில் ஒரே வாக்கியத்தில் கட்டளை. இரண்டும் முரண் அல்ல. தம்பி தன் காலால் நடந்து போய்க் கேட்கும்வரை அக்கா காத்தார். கேட்டவுடன் குரு தயங்கவில்லை. கேட்டவருக்குச் சொல்லாமல் மழுப்புவதும் தவறு, கேட்காதவரைத் துரத்திச் சொல்வதும் தவறு.

ஆகவே நம்பிக்கையை மறைக்கவேண்டியதில்லை. நீங்கள் கும்பிடுவதைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்யத் தேவையில்லை. "ஏம்மா இதைச் செய்யறே?" என்று யாராவது கேட்டால் சொல்லுங்கள். ஆனால் கேட்ட அளவுக்குச் சொல்லுங்கள். இரண்டு வரிக் கேள்விக்கு ஒரு மணி நேரப் பதில் கிடைத்தால் மறுபடி யாரும் கேட்கமாட்டார்கள். அதுவும் "எனக்கு இதில் இப்படி ஒரு நிம்மதி கிடைக்கிறது" என்று உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். "நீயும் செய்தால்தான் உருப்படுவாய்" என்று அவனைப் பற்றிப் போகவேண்டாம்.

பைபிளில் இயேசுவின் மலைப்பிரசங்கத்திலேயே இந்த இழுபறி இருக்கிறது. மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில், மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் காணும்படி உங்கள் வெளிச்சம் பிரகாசிக்கட்டும் என்று வருகிறது. ஒரு அதிகாரம் தாண்டினால், மனுஷர் காணவேண்டும் என்று தர்மம் செய்யாதீர்கள், எச்சரிக்கையாய் இருங்கள் என்று வருகிறது. வள்ளுவரும், மனத்தில் மாசு இல்லாமல் இருப்பதே எல்லா அறமும், "ஆகுல நீர பிற" என்று முடித்துவிட்டார். மற்றதெல்லாம் ஆரவாரம். பார்க்கும்படி வாழலாம், பார்க்கவேண்டும் என்பதற்காக வாழ்ந்தால் கெட்டுவிடும்.

இனி ஃபூக்கோவின் இரண்டாம் பாதி. நம்பிக்கை திரும்பிய வேகத்தில் டிராப்பிஸ்ட் என்ற கடுமையான கத்தோலிக்கத் துறவற சபையில் துறவியானார், பிறகு அதையும் விட்டு நாசரேத்தில் ஒரு பெண் துறவியர் மடத்தில் எடுபிடி வேலை செய்தார். 1901-இல் குருப்பட்டம் பெற்று அல்ஜீரியாவின் பெனி அபேசுக்குப் போனார். 1905-இல் சகாராவின் நடுவில் தமன்ராசெத் என்ற சிற்றூரில் துவாரெக் என்ற பாலைவன முஸ்லிம் மக்களிடையே குடியேறினார். தனியாள். அக்காவிடம் தான் கண்டதையே அங்கே செய்ய நினைத்தார். 1909-இல் தன் குறிப்பேட்டில் எழுதினார்: என் பணி நற்குணத்தின் பணியாக இருக்கவேண்டும், என்னைப் பார்ப்பவர்கள் 'இவன் இவ்வளவு நல்லவனாக இருக்கிறானே, இவன் மதமும் நல்லதாகத்தான் இருக்கும்' என்று சொல்லவேண்டும். பாரிசில் மரியைப் பார்த்து அவர் நினைத்ததன் எதிரொலி இது.

அங்கே அவர் செய்த பெரிய வேலை பிரசங்கம் அல்ல, மொழி. துவாரெக் மொழியைக் கற்று, அவர்களுடைய கவிதைகளை ஆயிரக்கணக்கான அடிகள் சேகரித்து, ஓர் அகராதியும் தயாரித்தார். நான்கு தொகுதிகளாக அது வெளிவந்தது அவர் இறந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான். தான் மாற்ற நினைக்கும் மக்களின் கவிதையை உட்கார்ந்து எழுதிக்கொள்கிற ஆள் மெல்ல மெல்ல வேறு ஆளாகிவிடுகிறார்.

1907-08 குளிர்காலத்தில் கடும் வறட்சி. கிறிஸ்துமஸ் அன்று அவரால் திருப்பலி நிறைவேற்ற முடியவில்லை, உடன் இருந்து பதில் சொல்ல ஒரு கிறிஸ்தவர்கூட இல்லை என்பதால். அன்றைய விதி அப்படி. ஜனவரியில் படுத்த படுக்கையானார். பஞ்ச காலம், ஊராரிடமே உணவு இல்லை. ஆனாலும் நான்கு கிலோமீட்டர் சுற்றளவில் எந்த ஆட்டிடம் சொட்டுப் பால் இருக்கிறதோ தேடிக் கறந்து கொண்டுவந்து அவருக்குக் கொடுத்தார்கள். அப்படித்தான் பிழைத்தார். கொடுக்க வந்தவர் வாங்கிக்கொண்டார், அதுவும் தான் யாரிடம் நம்பிக்கையைக் கொண்டுசெல்ல வந்தாரோ அவர்களுடைய அறத்தால் உயிர் பிழைத்தார்.

உங்கள் வீட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பக்தி உள்ளவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு: எப்போதும் கொடுக்கும் இடத்தில் நிற்பது. நான் உனக்காக வேண்டுகிறேன், நான் உனக்காக விரதம் இருக்கிறேன், நான் பொறுத்துப்போகிறேன். எதிரில் இருப்பவரிடமிருந்து தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை என்பது அதில் ஒளிந்திருக்கிறது. உங்கள் மருமகள் நல்ல பெண் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த நல்ல குணம் எங்கிருந்து வந்தது? அவள் வளர்ந்த வீட்டிலிருந்தும், அவள் கும்பிடும் கடவுளிடமிருந்தும்தானே? உங்களுக்கு உடம்பு முடியாதபோது அவள் தன் வழக்கப்படி உங்களுக்காக வேண்டிக்கொண்டால் அதை முழுமனதோடு ஏற்றுக்கொள்ள உங்களால் முடியுமா? மனதுக்குள் சங்கடப்படாமல்? நான் கேட்பது கடினமான கேள்வி என்று தெரியும்.

ஃபூக்கோவை அப்படியே கும்பிடச் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு ராணுவம் இருந்தது. சகாராவைப் பிரான்சு கைப்பற்றிக்கொண்டிருந்த காலம் அது, அந்த அதிகாரிகளில் பலர் அவருடைய பழைய நண்பர்கள், பிரெஞ்சு ஆட்சி அந்த மக்களுக்கு நல்லது என்றே அவர் நம்பினார். ஒருநாள் அவர்கள் கிறிஸ்தவர்களாவார்கள் என்ற எதிர்பார்ப்பையும் அவர் விட்டுவிடவில்லை. துப்பாக்கி வைத்திருப்பவர்களின் நண்பன் காட்டும் அன்பில், வாங்குபவருக்கு ஒரு தயக்கம் இல்லாமல் இருக்குமா? 1916 டிசம்பர் 1 அன்று, போர்க்காலத்தில், அவர் கட்டிய சிறு கோட்டையின் வாசலில் கொல்லப்பட்டார். மதம் மாறியவர்கள் என்று சொல்ல ஏறத்தாழ யாரும் இல்லை. துவாரெக்குகளின் தலைவர் மூசா அக் அமஸ்தான் ஃபூக்கோவின் தங்கைக்கு இரங்கல் கடிதம் எழுதினார். அவர் உங்களுக்காக மட்டும் சாகவில்லை, எங்கள் எல்லோருக்காகவும் இறந்தார், கடவுள் அவர்மேல் இரங்கட்டும், சொர்க்கத்தில் அவரை நாங்கள் சந்திப்போமாக என்று. மூசா கடைசிவரை முஸ்லிம்தான். தன் சொர்க்கத்தில் அந்தக் கிறிஸ்தவருக்கு ஓர் இடம் ஒதுக்கினார்.

அதிகாரம் பற்றிச் சொன்னது வீட்டுக்கும் பொருந்தும் என்பதால்தான் சொன்னேன். நீங்கள் தாய், மாமியார். நீங்கள் ஒன்றுமே சொல்லாவிட்டாலும் வீட்டில் உங்களுக்கு ஒரு எடை இருக்கிறது. நம் குடும்பங்களில் மதத் திணிப்பு உபதேசத்தால் நடப்பது குறைவு, சமையலறையால் நடப்பதுதான் அதிகம். அம்மாவுக்கு விரதம் என்றால் வீட்டில் யாருக்கும் மீன் கிடையாது. அம்மா ஜெபத்தில் இருந்தால் டிவி கூடாது. மருமகள் தன் வீட்டுப் பண்டிகைக்கு என்ன சமைக்கலாம், எந்தப் பாத்திரத்தில் சமைக்கலாம் என்று சொல்லாத சட்டங்கள். அவளுடைய சாமி படத்துக்கு வீட்டில் எந்த மூலை கிடைத்தது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். பீரோவுக்குள் துணிக்கு நடுவே இருக்கிறது என்றால், நீங்கள் வற்புறுத்தவில்லை என்று சொல்லிக்கொள்ள முடியாது.

முன்மாதிரியே வற்புறுத்தலாக மாறுவதை நான் காந்தியிடம்தான் மிகத் தெளிவாகப் பார்த்தேன். தன் வரலாற்றை எழுதும்போது அவரே எதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். 1898, டர்பன். வீட்டில் தங்கியிருந்த அலுவலக எழுத்தர்களின் சிறுநீர்ப் பானைகளைக் கணவனும் மனைவியும்தான் சுத்தம் செய்வது வழக்கம். அதில் ஒருவர், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய பானையை எடுக்கக் கஸ்தூரிபாவுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் கண்ணீரோடு எடுத்தார். காந்திக்கு அது போதவில்லை. சந்தோஷமாக எடுக்கவேண்டும் என்று எதிர்பார்த்தார். சத்தம் போட்டு, கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப்போனார். "உமக்கு வெட்கமில்லையா? நான் எங்கே போவேன்? இங்கே எனக்குப் பெற்றவர்களா உறவினர்களா?" என்று கஸ்தூரிபா கேட்ட பிறகுதான் நிறுத்தினார். தீண்டாமை கூடாது என்ற காந்தியின் கொள்கை முழுக்கச் சரி. கஸ்தூரிபாவின் தயக்கம் தவறுதான். சரியான கொள்கையை வைத்துக்கொண்டும் மனிதர் கொடுமை செய்யலாம் என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி எனக்குத் தெரியாது. செய்தால் மட்டும் போதாது, முகமும் மலரவேண்டும் என்று கேட்பது திணிப்பின் உச்சம்.

பல வருடம் கழித்து, தென்னாப்பிரிக்காவிலேயே, இன்னொன்று நடந்தது. கஸ்தூரிபாவுக்கு உடம்பு மோசம். உப்பையும் பருப்பையும் விடும்படி காந்தி கெஞ்சினார். "உங்களிடம் யாராவது சொன்னால் நீங்களே விடமாட்டீர்கள்" என்றார் அவர். உடனே காந்தி, நீ விட்டாலும் விடாவிட்டாலும் சரி, நான் ஒரு வருடத்துக்கு இரண்டையும் விட்டேன் என்று விரதம் எடுத்துவிட்டார். கஸ்தூரிபா பதறிப்போனார். நான் விட்டுவிடுகிறேன், உங்கள் விரதத்தைத் திரும்பப் பெறுங்கள், இது எனக்குத் தாங்காது என்று மன்றாடினார். காந்தி மறுத்தார். நீங்கள் யார் பேச்சையும் கேட்கமாட்டீர்கள் என்று சொல்லி அழுதார் அவர். தன் வாழ்வின் மிக இனிய நினைவுகளில் ஒன்று என்று காந்தி இதை எழுதுகிறார். கையைப் பிடித்து இழுத்த 1898-ஐவிட இது எவ்வளவோ மேல், சந்தேகமில்லை. தன்னைத்தான் வருத்திக்கொண்டார், அவரை அல்ல. ஆனால் எனக்கு அந்தக் கண்ணீர் மறப்பதில்லை. தன்னை வருத்திக்கொள்வதும் மற்றவர் தலையில் ஒரு பாரமாக இறங்கும். அவருடைய மூத்த மகன் ஹரிலால் 1911-இல் வீட்டை விட்டுப் போனதற்கும், அந்த உறவு கடைசிவரை ஆறாமலே போனதற்கும், தந்தையின் லட்சியங்களுக்குத் தானும் விலை கொடுக்க நேர்ந்தது என்ற மகனின் காயம் ஒரு முக்கியக் காரணம்.

எனவே மகனிடம், "உன் பரீட்சைக்காக நான் ஒரு மண்டலம் விரதம் இருந்தேன்" என்று சொல்லாதீர்கள். விரதம் இருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லாதீர்கள். அவன் தேர்ச்சி பெற்றதும் "எல்லாம் என் வேண்டுதல்தான்" என்றால், இரவெல்லாம் கண்விழித்துப் படித்த அவன் உழைப்பை அவனிடமிருந்து பறித்துக் கடவுளிடம் கொடுப்பதாக அவனுக்குத் தோன்றும். பறித்தது அம்மா, வாங்கிக்கொண்டது கடவுள் என்று இருவர்மேலும் கசப்பு வரும். "நான் செத்த பிறகாவது நீ கும்பிடுவாய்" என்பதும் வேண்டாம். அதை நீங்கள் சொன்னதில்லை என்றால் மகிழ்ச்சி.

கொள்கையில் கொஞ்சமும் இளகாமல், அதே நேரம் யாரையும் கட்டாயப்படுத்தாமல் இருக்க முடியுமா என்றால், நம் வடலூரைப் பார்க்கச் சொல்வேன். வள்ளலார் கொல்லாமையில் எவ்வளவு கறாரானவர் என்பது எல்லோருக்கும் தெரியும். புலால் உண்பவர்கள் உறவினத்தார் அல்லர், புறஇனத்தார் என்றே பாடியிருக்கிறார். கடுமையான சொல். அந்தக் கடுமையை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். ஆனால் அதே பாட்டில், அவர்களுக்குப் "பசிதவிர்த்தல் மாத்திரமே புரிக" என்று ஒரு விலக்கு வைத்தார். இலையில் சோறு போடும்போது மட்டும், நீ யார், என்ன சாப்பிடுகிறவன், எதை நம்புகிறவன் என்ற கேள்வி கிடையாது. 1867 மே 23 அன்று தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை எரிகிறது. அங்கே சாப்பிட்டுப் போனவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் போய்ப் புலால் உண்டிருப்பார்கள்! யாரும் கணக்குக் கேட்கவில்லை.

1872-இல் சத்திய ஞானசபையைக் கட்டி, 1874 ஜனவரியில் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர் அவர். "கடை விரித்தேன், கொள்வாரில்லை" என்று அவர் சொன்னதாக இன்றும் வழங்குகிறது. தன் உபதேசத்தைக் கேட்டு யாரும் திருந்தவில்லை என்ற வருத்தம் அவ்வளவு பெரியவருக்கே இருந்திருக்கிறது. உங்களுக்கு இருப்பதில் என்ன ஆச்சரியம்? ஆனால் கொள்வாரில்லை என்று அவர் அடுப்பை அணைக்கச் சொல்லவில்லை. கேட்டார்களா கேட்கவில்லையா என்பதற்கும் சோறு போடுவதற்கும் அங்கே தொடர்பே இல்லை. உங்கள் வீட்டில் அந்தத் தொடர்பு எங்காவது இருக்கிறதா என்று பார்த்து அறுத்துவிடுங்கள். கோயிலுக்கு வந்த பிள்ளைக்கு ஒரு முகம், வராத பிள்ளைக்கு ஒரு முகம் என்று இருந்தால், அந்த வேறுபாட்டை நீங்கள் கவனிக்காமல் இருக்கலாம், பிள்ளைகள் கவனித்திருப்பார்கள்.

மௌனம் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. எதிலும் வாய் திறக்காதே என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மதம் பற்றி அவ்வளவு பொறுமையாக இருந்த ஃபூக்கோ, பெனி அபேசில் அடிமை முறையைப் பிரெஞ்சு நிர்வாகமே கண்டும் காணாமல் விடுவதைப் பார்த்தபோது, ஊமை நாய்களாக இருக்க நமக்கு உரிமை இல்லை என்று தன் பழைய மடத்துத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். தன்னால் முடிந்த ஒரு சிலரைப் பணம் கொடுத்து மீட்கவும் செய்தார். உங்கள் கடவுளைப் பற்றி நீங்கள் பேசாமல் இருக்கலாம். ஆனால் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குச் சம்பளம் பிடித்தால், மருமகளின் மதத்தை உறவுக்காரர் யாராவது கல்யாண வீட்டில் கேலி பேசினால், அங்கே பேசவேண்டும், எழுந்து நின்று பேசவேண்டும். அந்தப் பேச்சில் கடவுள் பெயர் வரத் தேவையில்லை. நீங்கள் யாரைக் கும்பிடுகிறவர் என்று வீட்டில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும்.

அசோகர் தன் பன்னிரண்டாம் பாறைக் கல்வெட்டில், தன் சமயத்தின்மேல் உள்ள பற்றால் அதைப் புகழ்ந்து மற்றதை இகழ்கிறவன் தன் சமயத்துக்கே அதிகக் கேடு செய்கிறான் என்று வெட்டிவைத்தார். ஏழாம் தூண் கல்வெட்டில், தம்மத்தை, அதாவது அறநெறியை, வளர்க்கத் தான் கையாண்ட இரண்டு வழிகளில் சட்டம் போட்டது சிறிதே பயன் தந்தது, மனதைத் தொட்டு இணங்கவைத்ததே பெரும்பயன் தந்தது என்று ஒப்புக்கொண்டார். நாடு முழுக்கத் தம்ம அதிகாரிகளை அமர்த்திப் பார்த்த ஒரு பேரரசர் சொல்லும் அனுபவம் இது. சட்டம் போடும் அதிகாரம் அவருக்கே பெரிதாகப் பலிக்கவில்லை.

சிறு குழந்தைகள் விஷயம் வேறு. ஐந்து வயதுப் பிள்ளையைக் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ கூட்டிப்போவது திணிப்பு என்று நான் நினைக்கவில்லை. தாய்மொழி கொடுப்பது போன்றதுதான் அது. உங்கள் இளையவனுக்கும் அதைக் கொடுத்திருக்கிறீர்கள். அவன் இப்போது வளர்ந்த ஆண்பிள்ளை. வேண்டாம் என்று ஒளிந்து செய்யாமல் உங்கள் முகத்துக்கு நேரே சொன்னான், அந்த நேர்மை உங்களிடமிருந்து வந்ததாகவும் இருக்கலாம். "சரிப்பா" என்று சொல்லிவிடுங்கள், மனதாரச் சொல்லுங்கள். அவன் எப்போதும் திரும்பி வராமலே போகலாம். அந்தச் சாத்தியத்தோடு வாழ உங்களுக்குப் பலம் வேண்டும் என்று உங்கள் கடவுளிடம் கேளுங்கள். அவனை மாற்றச் சொல்லிக் கேட்கும் வேண்டுதலைவிட அது கடினம், ஆனால் அது உங்களுக்கு உரியது.

கணவரைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், நானும் அப்படியே விடுகிறேன். இத்தனை வருடம் அவர் உங்கள் வழிபாட்டுக்குக் குறுக்கே நின்றதில்லை என்று தெரிகிறது. அதற்கு ஒருநாள் நன்றி சொல்லுங்கள்.

மருமகளின் அடுத்த பண்டிகை எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்று அவள் வீட்டு வழக்கப்படி என்ன செய்யவேண்டும் என்று அவளிடமே கேளுங்கள், அவள் சொல்லச் சொல்ல நீங்கள் கூட நின்று செய்யுங்கள், உங்கள் மனசாட்சிக்கு ஒவ்வாதது ஏதாவது இருந்தால் அதை மட்டும் "இது என்னால் முடியாதும்மா" என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பேரக்குழந்தை வந்தால் பெயர் வைப்பதையும், எந்த வழியில் வளர்ப்பது என்பதையும் பெற்றவர்கள் முடிவு செய்யட்டும். அந்தக் குழந்தை உங்கள் மடியில் வந்து உட்கார்ந்து கதை கேட்டால் உங்கள் சாமி கதையைச் சொல்லுங்கள், "பாட்டி இப்படி நம்புகிறேன்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். அம்மாவிடம் வேறு கதை இருக்கிறது, அதையும் போய்க் கேள் என்று அனுப்பிவையுங்கள்.